சும்மா தலையாட்டாதீங்க

அறுபது வருஷமாகச் சொன்ன பேச்சைக் கேட்ட வலது கை, ஒருநாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே உனக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று தொங்கிவிட்டது. பிரஷ் கீழே விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தேன், நானும் விழுந்தேன். மூளையில் ரத்தக் குழாய் ஒன்று அடைத்துக்கொண்டதாம். கையோடு விட்டதா? வாயும் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது.

குளியலறைத் தரையில் ஒரு மணி நேரம் கிடந்தேன். வாளியை உருட்டினேன், இடது காலால் கதவை உதைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம், பத்தடி தூரத்தில், முன் அறையில் என் வீட்டுக்காரர் வேலை செய்துகொண்டிருந்தார். மோட்டார் காயில் கட்டுபவர். எரிந்துபோன மோட்டாரிலிருந்து பழைய கம்பியைப் பிடுங்கிவிட்டுப் புதுச் செம்புக் கம்பி சுற்றித் தருவார். அவருக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அதற்காக எங்கள் வீட்டில் வழி இல்லாமலில்லை. தரையில் ஓங்கி மிதித்தால் அதிர்வு அவர் பாதத்துக்குப் போகும், திரும்பிப் பார்ப்பார். முப்பத்து நாலு வருஷமாகப் புருஷனைக் காலால் கூப்பிடுகிற பெண்டாட்டி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஆனால் அன்றைக்கு அவர் கட்டி முடித்த மோட்டார் ஒன்றை மேஜைமேல் வைத்து ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். வீடே அதிர்ந்துகொண்டிருந்தது. அதில் என் உதை எம்மாத்திரம்? மோட்டாரை நிறுத்திய பிறகுதான் வந்து பார்த்தார்.

இதில் அவர் தப்பு என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. அதை அவரிடம் சொல்ல வேண்டும். இந்த ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் ஐந்து மாதமாக நாய்படாத பாடு பட்டேன்.

ஏனென்றால், ஆஸ்பத்திரிக்கு வந்ததும் வராததுமாக என் மகள் அவர் முன்னால் நின்று இரண்டு கையாலும் கேட்டுவிட்டாள். "ஒரு மணி நேரம்! பக்கத்து ரூம்ல இருந்துட்டு ஒரு மணி நேரம் அம்மாவ அப்படியே விட்டுட்டீங்களேப்பா!" பயத்தில் கேட்டதுதான். அரை மணியில் அவளே அவர் தோளில் சாய்ந்து அழுதாள். ஆனால் கேட்டது கேட்டதுதான். அன்றைக்கு இறங்கிய முகம் ஏறவே இல்லை. வீட்டுக்கு வந்த பிறகு மோட்டாரை ஓட்டிப் பார்ப்பதையே நிறுத்திவிட்டார். கட்டி முடித்ததை அப்படியே கொடுத்தனுப்பி, அவரவர் இடத்தில் ஓட்டிப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். நான் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

சரி, சொல்லிவிட வேண்டியதுதானே என்பீர்கள். எதால் சொல்வது?

நான் பஸ் நிலையத்தில் முப்பத்தொரு வருஷம் மைக்கில் அறிவிப்பு சொன்னவள். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது, யாருடைய பை கேட்பாரற்றுக் கிடக்கிறது, எல்லாம் என் குரல்தான். ஊருக்கே கேட்கிற குரல் கட்டின புருஷனுக்குக் கேட்கவில்லையே என்று கூட வேலை செய்தவர்கள் கேலி பண்ணுவார்கள். "அதனாலதான் மனுஷன் இன்னும் என்னோட குடும்பம் நடத்துறார்" என்று நானும் சேர்ந்து சிரிப்பேன். வீட்டில் நான் பேசியதெல்லாம் கையால். பாதி அவர் கற்றுக்கொடுத்தது, பாதி நாங்களாகச் சேர்த்துக்கொண்டது. அதில் மரியாதைப் பன்மையெல்லாம் கிடையாது, விரலை நீட்டினால் 'நீ'தான். எனக்கு அவர் வைத்திருக்கும் பெயர், வாய்க்கு முன்னால் ஐந்து விரலும் படபடவென்று அடித்துக்கொள்வது. வாயாடி என்று அர்த்தம். அப்படிப்பட்ட என்னைத்தான் ஊமையாக்கிவிட்டது இந்தக் கை.

இடது கை இருக்கிறதே என்று மகள் சொன்னாள். இருக்கிறது, இல்லையென்று யார் சொன்னது? ஆனால் இத்தனை வருஷமும் அது வெறும் எடுபிடி. வலது கை பேசும், இடது கை கீழே நின்று ஏந்திக்கொடுக்கும். தனியாக விட்டால் தண்ணீர், மாத்திரை, ஃபேன் என்று மூன்று வயசுப் பிள்ளையின் பேச்சுதான் வரும். காரணம் சொல்ல, சமாதானம் சொல்ல, சண்டை போட இரண்டு கையும் வேண்டும். கோணிய வாயிலிருந்து உதட்டசைவைப் படிக்க அவருக்கு வரவில்லை. எழுத்தும் அவருக்கு ஆகாது, கம்பி அளவு, ஆள் பெயர், அதற்கு மேல் போகாது. மிச்சம் மகள்தான். எந்தக் கை அவரைக் குத்தியதோ அதே கையை வைத்து 'உங்க தப்பு இல்லையாம்' என்று சொல்லவைப்பதா? மாட்டேன். என் புருஷனுக்கு நான் சொல்வேன்.

வாரத்தில் மூன்று நாள் பயிற்சி நிலையத்துக்குப் போனோம். அங்கே எனக்குக் கை பழக்குகிற பெண் என் மகளைவிடச் சின்னவள். அவளுக்கு நான் வைத்த பெயர் 'இன்னொருதடவை'. குச்சியை ஓட்டையில் செருகு, எடு. கிண்ணத்தைக் கவிழ், நிமிர்த்து. துண்டை மடி, பிரி. "நல்லா பண்றீங்கம்மா, இன்னொரு தடவ." எழுபது தடவை பண்ணி நாக்குத் தள்ளி உட்கார்ந்தால், எழுபத்தொன்றுக்குக் குச்சியை எடுத்து நீட்டுவாள்.

பக்கத்து மேஜையில் இருபத்தாறு வயசுப் பெண் ஒருத்தி இருந்தாள். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து தலையில் அடி. எனக்குப் பிறகு வந்தவள், ஆறே வாரத்தில் தானே தலை பின்னிக்கொண்டு, அந்தக் கையாலேயே எனக்கு டாட்டா காட்டிவிட்டுப் போனாள். எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. பொய் சொல்வானேன்?

"ஏம்மா, அவளுக்கு மட்டும் எப்படி?" என்று குழறலாகக் கேட்டேன்.

"அவங்க மூளைக்கு வயசு கம்மிம்மா. அடிபட்ட இடம் செஞ்ச வேலைய பக்கத்து இடம் சட்டுன்னு கத்துக்கும். உங்க மூளையும் கத்துக்கும், ஆனா மெதுவா. நிறைய தடவ வேணும்."

"நிறையன்னா?"

"ஆயிரக்கணக்குல."

"நான் போய்ச் சேர்றதுக்குள்ளயா?"

"இதக் கேட்ட நேரத்துல பத்து தடவ பண்ணியிருக்கலாம்மா."

இவளிடம் வாய் கொடுத்து மீள முடியாது. வீட்டுக்கும் வேலை கொடுத்து அனுப்பினாள். தினமும் நாலு மணி நேரம் இடது கைக்குத் தடித்த உறை ஒன்றை மாட்டிக் கட்டிவைக்க வேண்டும். நல்ல கை சும்மா இருந்தால்தான் கெட்ட கை வேலை செய்யும். இல்லாவிட்டால் மூளை, அதான் இடது இருக்கிறதே என்று வலதைக் கைகழுவிவிடுமாம்.

அந்த உறையைப் பார்த்ததும் இவர் முகம் வெளுத்துவிட்டது. இவர் படித்த பள்ளிக்கூடத்தில், சைகை காட்டினால் வாய்ப்பேச்சு வராது என்று பிள்ளைகளின் கையைப் பின்னால் கட்டி உட்காரவைப்பார்களாம். கத்திச் சொல்லும் சத்தம் தப்பாக வந்தால் ஸ்கேலால் அடி. தன் சத்தம் தனக்கே கேட்காத பிள்ளைக்கு எது தப்பு, எது சரி என்று எப்படித் தெரியும்? ஏழு வயசில் பட்டது இன்னும் போகவில்லை. ஒருநாள் மத்தியானம் கண்ணயர்ந்து எழுந்து பார்த்தால் என் கையில் உறை இல்லை, மடித்து அலமாரியில் வைத்திருந்தார். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் கையும் களவுமாகப் பிடித்தேன். "கட்டாதே" என்றார், அவ்வளவுதான். அடுத்தவர் கையைக் கட்டுவதும், அடுத்தவர் தப்பைச் சுட்டிக்காட்டுவதும் அவருக்கு ஜென்மத்துக்கும் ஆகாது. அவரோடு மல்லுக்கட்டி உறையை மாட்டிக்கொள்வதே எனக்குத் தனிப் பயிற்சியாகப் போயிற்று.

மூன்றாவது மாதம் வலது கை தோள்மட்டத்துக்கு எழும்பியது. விரல்கள் அரைகுறையாக விரிந்தன. காபி என்று காட்டினால் காபி வந்தது. ஜன்னலைத் திற என்றால் தலையாட்டிவிட்டுப் போய்த் திறந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒருநாள் சாயங்காலம் அவரை எதிரில் உட்காரவைத்து மொத்தத்தையும் சொன்னேன். நான் விழுந்தேன். மோட்டார் ஓடியது. உனக்குத் தெரிய வழியில்லை. உன் தப்பு இல்லை. முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துக் கொட்டியது. அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியது. மெதுவாகத் தலையாட்டினார். பாரம் இறங்கியது என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆனால் மறுநாளும் குளியலறை வாசலில் ஸ்டூல். அதற்கு மறுநாளும். மோட்டார் ஓடவே இல்லை. சொல்லியாகிவிட்டது, தலையாட்டியாகிவிட்டது, அப்புறமும் என்ன முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

பத்து நாள் கழித்து அவர் கண் டாக்டரிடம் போய்வந்தார். "என்ன சொன்னார்?" என்று கேட்டேன். தலையாட்டினார். "சொட்டு மருந்தா, கண்ணாடியா?" அதற்கும் தலையாட்டினார். எனக்குச் சந்தேகம் தட்டியது. முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல், "வீட்ட வித்துடலாமா?" என்று கேட்டேன். தலையாட்டினார். "நாளைக்கு நான் வேற கல்யாணம் பண்ணிக்கப்போறேன். மாப்பிள்ளைக்குத் தலை நிறைய முடி." வழுக்கைத் தலை மேலும் கீழும் ஆடியது. பூம்பூம் மாடாவது எப்போதாவது மறுத்துத் தலையை ஆட்டும். இவர் பாசத்தோடு, சிரித்த முகத்தோடு ஆட்டிக்கொண்டே இருந்தார். காபி வந்தது காபி நேரமானதால். ஜன்னல் திறந்தது எனக்கு வியர்த்திருந்ததால். என் கை ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை.

உறையை எடுத்து அவர் மேலேயே எறிந்தேன்.

மறுநாள் இன்னொருதடவையிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் சிரிக்கவில்லை. குச்சிகளை ஓரமாக ஒதுக்கிவைத்துவிட்டு உட்கார்ந்தாள். "மூளை தப்பு பண்ணித்தாம்மா கத்துக்கும். கை எங்க போகணும், எங்க போச்சு, இந்த வித்தியாசம் தெரிஞ்சாத்தான் அடுத்த தடவ திருத்திக்கும். நீங்க தப்பா காட்டும்போதெல்லாம் அவர் சரின்னு தலையாட்டினா, அது தப்பையே சரின்னு பழகிக்கும்."

"அப்போ இவ்வளவு நாள் பட்ட பாடு வீணா?"

"வீண் இல்லம்மா. கைக்கு பலம் வந்திருக்கு. பழகினத மாத்தணும், அதுக்கு இன்னும் கொஞ்சம் அதிகமா..."

"தடவ. தெரியும்." அழுகை முட்டிக்கொண்டு வந்தது. திருத்திச் சொல்ல ஒரே ஒரு ஆள், அந்த ஆளும் பாசத்தால் என் கையைக் கெடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

பஸ் நிலையத்தில் எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. நேரம் பார்க்கிறவர் போனில் சொல்லும் வண்டியையும் நடைமேடையையும் அவருக்கே திருப்பிச் சொல்லாமல் மைக்கைத் தொடக்கூடாது. 'சரி' என்று சொன்னால் திட்டு விழும். அந்தச் சட்டத்தை வீட்டுக்கும் கொண்டுவர முடிவு செய்தேன். அதை அவருக்கு விளக்க மட்டும் மகளை வீடியோவில் கூப்பிட்டேன்.

"அப்பாகிட்ட சொல்லு. இனிமே தலையாட்டக் கூடாது. நான் என்ன சொன்னேன்னு அவர் கையால திருப்பிச் சொல்லணும். புரியலன்னா புரியலன்னு சொல்லணும். எனக்குப் பாவம் பாக்கறது வேணாம்."

அவள் காட்டினாள். அவர் பதில் சொன்னார். சொன்னதை மகள் எனக்குக் குரலில் சொன்னாள், பாதியில் அவள் குரல் இறங்கிவிட்டது. "அவ உயிரக் குடுத்துக் காட்டறா. அதத் தப்புன்னு நான் எப்படிச் சொல்றது? என்னால அவ பட்டது போதாதா? அப்படிங்கறாரும்மா."

"அன்னிக்கு சாயங்காலம் எதிர்ல உக்காந்து பெருசா ஒண்ணு சொன்னேனே, அது புரிஞ்சுதான்னு கேளு."

கேட்டாள். அவர் இல்லை என்றார். கை அந்தப் பாடு படுகிறதே என்று அழுகை வந்ததாம், அவ்வளவுதான்.

"என்னம்மா சொன்னே? நான் அப்பாகிட்ட சொல்லிடவா?"

"வேணாம். நீ போன வை."

அன்றிலிருந்து வீட்டில் இம்சை தொடங்கியது. தண்ணீர் சூடாக இருக்கிறது என்று நான் காட்டினால், "உங்கம்மாவுக்குக் கல்யாணமா?" என்று திருப்பிச் சொன்னார். மின்கட்டணம் என்றேன், மாடு வாங்கணுமா என்றார். முதலில் இரண்டு நாள் சிரிப்பாக இருந்தது. பிறகு அழுகை, பிறகு கோபம். கட்டை விரல் மடங்கினால் சுண்டு விரலும் கூடவே மடங்கியது. ஒரு விரலைத் தூக்கச் சொன்னால் மூன்று கிளம்பின. "புரியல" என்று அவர் காட்டும்போதெல்லாம் முகம் சுருங்கியது, அடி வாங்கப்போகிற பிள்ளை மாதிரி. ஒரு தடவை தாங்காமல் லேசாகத் தலையாட்டப் பார்த்தார். கிண்ணத்தைத் தூக்கி எறிந்தேன், வலது கையால். அது நேராகப் போய்ச் சுவரில் பட்டது. எறிவதற்கு மட்டும் ஒழுங்காக வருகிறது பாருங்கள்.

எங்கள் பாஷையில் தப்பு என்றால் இரண்டு விரலால் நெற்றியைத் தொட்டுக் கீழே உதற வேண்டும். இல்லை என்றால் விரித்த கையை மணிக்கட்டோடு இரண்டு தரம் திருப்ப வேண்டும். இந்த இரண்டும்தான் வரவேயில்லை. மோதிர விரல் ஒட்டிக்கொண்டே வந்தது. மணிக்கட்டு பாதியில் நின்றது. குச்சியும் கிண்ணமும் போதும் என்று மூட்டை கட்டிவிட்டு இந்த இரண்டை மட்டும் பண்ணினேன். கண்ணாடி முன்னால், காய் நறுக்கும் பலகை முன்னால், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து. எதிர் சீட்டுக்காரர் எழுந்து வேறு இடம் போனார்.

ஆறு வாரம் ஆயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் வேலை மேஜையில் கம்பி சுற்றிக்கொண்டிருந்தபோது எதிரில் போய் நின்றேன். சொன்னேன். கம்பியை வைத்துவிட்டு அவர் திருப்பிச் சொன்னார். "நீ விழுந்த." ஆமாம். "மோட்டார் ஓடுச்சு." ஆமாம். "எனக்குத் தெரியல." ஆமாம், மேலே சொல்லு. அவர் கை நெற்றிக்குப் போய் நின்றது. "என் தப்பு."

மேஜையைத் தட்டினேன். மறுபடி முதலிலிருந்து சொன்னேன். மணிக்கட்டை இரண்டு தரம், பல்லைக் கடித்துக்கொண்டு, முழுசாகத் திருப்பினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. முப்பத்து நாலு வருஷம் பார்த்த கண், புரிந்தது எனக்குத் தெரியாதா?

"புரிஞ்சுது" என்றார். "ஒத்துக்க மாட்டேன்."

கம்பியை எடுத்துச் சுற்ற ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஐந்து மாதம் செத்துப் பிழைத்து ஒரு கையைப் பேசவைத்திருக்கிறேன், அது சொன்னது போய்ச் சேர்ந்துமாயிற்று, இந்த மனுஷர் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்கிறார். "சட்டம் சட்டம்தான். நான் சொன்னதத் திருப்பிச் சொல்லு" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாள் காலை காபிக்கு முன்னால் பத்துத் தடவை சொன்னேன். கடைசி வார்த்தை வரும்போது கண்ணை மூடிக்கொண்டார். எங்கள் வீட்டில் காதைப் பொத்திக்கொள்வது அப்படித்தான். தரையை மிதித்தேன். திறந்தார். மறுபடி சொன்னேன். மத்தியானமும் சொன்னேன். "மணிக்கட்டு இந்த வாரம் எப்படிம்மா இவ்வளவு நல்லா திரும்புது?" என்று இன்னொருதடவை ஆச்சரியப்பட்டாள். கை தேறிக்கொண்டே வந்தது, இந்த மனுஷர்தான் தேறவில்லை.

ஒன்பதாவது நாளோ பத்தாவது நாளோ, வாடிக்கையாளர் ஒருவர் மோட்டாருக்காக வாசலில் காத்திருந்தார். நான் அப்போதும் விடவில்லை, வீட்டுக்காரர் எதிரில் போய் நின்று ஆரம்பித்தேன். அவர் பொறுமை போய்விட்டது. கத்தரியை மேஜையில் வீசிவிட்டு எழுந்து, என்னை வாயடைக்க வேண்டும் என்ற ஒரே வெறியில், படபடவென்று எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னார். நீ விழுந்த. மோட்டார் ஓடுச்சு. எனக்குத் தெரியல. என் தப்பு இல்ல.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரிந்தது. திருப்பிய கையைக் கீழே போடாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். அந்தக் கையையே பார்த்தார். பிறகு வாய் திறந்து அழுதார்.

அவர் அழுது நான் பார்த்திருக்கிறேன், கேட்டதில்லை. அடிவயிற்றிலிருந்து, தொண்டை கிழிய, பெரிய சத்தமாக வந்தது. எவ்வளவு சத்தம் என்று அவருக்குத் தெரியாது. வாசலில் இருந்தவர் பதறி எழுந்தார். தெருவில் போனவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். கதவைச் சாத்தலாமா என்று நினைத்தேன். கேட்டால் கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன்.